காதை மூடு, ராடைத் துடைக்கிறேன்

"நீ என்ன வேலை பார்க்கிற?"ன்னு யாராவது கேட்டா, "ஒரு வீம்பு பிடிச்ச ராடோட மாரடிக்கிறேன்"னு சொல்வேன். சிரிப்பாங்க. சிரிக்கட்டும், அவங்களா மாரடிக்கிறாங்க?

ராடு பார்க்க ஒண்ணும் பிரமாதமா இருக்காது. சுண்டுவிரல் பருமன், சாம்பல் நிறம், கைதவறிக் கீழ விழுந்தா பிஸ்கட் மாதிரி உடைஞ்சுடும். அதைச் சுத்தி ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள். காயில்ல கரண்ட் விட்டா காந்தப்புலம் வரும், காந்தப்புலம் பட்டதும் ராடு நீளும். நீளும்னா முழக்கணக்குல இல்ல, ஒரு தலைமுடியோட பருமன்கூட வராது. ஆனா அந்தத் துளி நீட்டத்துல என்னை நாற்காலியோட தூக்கிடும். நான் ஒண்ணும் ஊதினா பறக்கிற ஆள் இல்ல.

இந்த ராடை வெச்சு ஒரு கம்பெனிக்காரங்க லென்ஸ் தேய்க்கிற மெஷின் செய்யப் போறாங்க. தேய்க்கிற முனையை இம்மி இம்மியா நகர்த்தணும். "இவ்வளவு நீளணும்"னு மெஷின் கேட்கும், அதுக்கு எவ்வளவு கரண்ட் கொடுக்கணும்னு என் கணக்கு சொல்லணும். கேட்க சுலபமா இருக்கு இல்ல? இருக்கும், இருக்கும். ஒரு அளவு கரண்ட் கொடுத்தா ராடு ஒரு நீளத்துல நிக்கும். கரண்டை இன்னும் ஏத்திட்டு, திரும்ப அதே அளவுக்கு இறக்கினா அதே நீளத்துக்கு வரணுமா இல்லையா? வராது. கொஞ்சம் நீளமாவே நின்னுக்கும். கரண்டை முழுசா நிறுத்தினாலும் பழைய இடத்துக்குத் திரும்பாது. எந்த வழியா வந்தோம்னு அதுக்கு ஞாபகம் இருக்கு. படிச்சவங்க இதுக்கு ஹிஸ்டெரிசிஸ்னு பேர் வெச்சிருக்காங்க. நானும் படிச்சவதான், ஆனா நான் வீம்புன்னுதான் சொல்வேன்.

அந்த வீம்புக்குக் கணக்கு எழுதறதுதான் என் வேலை. ஒருநாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்னு இப்படி விளக்கினேன்.

"ஒரு கல்யாண வீடுன்னு வெச்சுக்கோங்க. ஆயிரம் சொந்தக்காரங்க உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர் 'வாங்க'ன்னு சொல்லலைன்னாலே கோவிச்சுக்கிட்டு எழுந்துடுவார். இன்னொருத்தர் எழுந்துக்கணும்னா மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை திட்டணும். சரி, எழுந்தவரை உட்கார வைக்கணுமே? திட்டறதை நிறுத்தினா போதுமா? போதாது. தலைகீழா நின்னு கெஞ்சணும். ஒவ்வொருத்தருக்கும் எழுந்துக்கற புள்ளி ஒண்ணு, உட்காரற புள்ளி வேற ஒண்ணு. யாருக்கு எந்தப் புள்ளின்னு தெரிஞ்சு, இதுவரைக்கும் யார் யாரை என்ன சொன்னாங்கன்னும் தெரிஞ்சா, இப்போ எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு சொல்லிடலாம். ராடுக்குள்ள நடக்கறது இதேதான்."

"அப்போ அது எங்க குடும்பத்து ராடு"ன்னார் அவர்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அவர் தங்கச்சிக்குப் புரை ஏறிடுச்சு, அப்படி ஒரு சிரிப்பு. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்த மேஜையில அவ சிரிக்கவே இல்ல, அதனாலதான் எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு.

அவளைப் பத்திச் சொல்லணும். ஆபீஸ்ல அவ பேர் மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா வர்ற ஒரு துண்டுக்குப் பேர் அது. அந்தத் துண்டையும் இன்னும் ரெண்டா வெட்ட முடியுமான்னு பார்க்கிற ஜென்மம் அவ. சுவர்ல படம் மாட்டினா, அது நேரா இருக்கான்னு ஒரு வாரம் பார்த்துட்டே இருப்பா. காலேஜ்ல எனக்கும் அவளுக்கும் ஒரே பெஞ்ச், அப்புறம் ஒரே லேப். நடுவுல, "என் அண்ணன் ஒருத்தர் சும்மாதான் இருக்கார், பார்க்கிறியா?"ன்னு அவளே தரகு பண்ணி என்னை அண்ணியாக்கினா. ஆனா ஒருநாள்கூட அண்ணின்னு கூப்பிட்டது கிடையாது. அவளுக்கு நான் ஃபார்முலா. எங்க வீட்டுக்கு மேல் மாடியில தனியா இருக்கா, சாப்பாடு எங்களோட. ராடை அளக்கறது அவ வேலை, கணக்கு எழுதறது என் வேலை.

ஒவ்வொரு தடவை அளக்கறதுக்கு முன்னாடியும் ராடுக்குப் பூர்வஜென்ம ஞாபகம் எதுவும் இருக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி உண்டு. கரண்டை முன்னுக்கும் பின்னுக்குமா மாத்தி மாத்தி ஆட்டணும். முதல் ஆட்டம் அது இதுவரைக்கும் பட்ட எல்லா ஆட்டத்தையும்விடப் பெருசா இருக்கணும். அடுத்தது கொஞ்சம் சின்னது, அதுக்கடுத்தது இன்னும் சின்னது, இப்படியே குறைச்சுக் குறைச்சு ஒண்ணுமில்லாம ஆக்கணும். கல்யாண வீட்டுல பாதிப் பேர் நின்னு, பாதிப் பேர் உட்கார்ந்து, யாருக்கும் யார் மேலயும் மனசுல ஒண்ணுமில்லைங்கிற நிலை. நாங்க அதைத் துடைக்கறதுன்னு சொல்வோம். பாதியில நிறுத்தினா அங்கேயே நின்னுடும்னு இதையும் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டு மேஜையில சொல்லியிருக்கேன்.

அலமாரிக்குப் பின்னால ராடு இருக்கற ஸ்டீல் மேஜையில இதுக்குன்னு ஒரு பெட்டி, அதுல ஒரு திருகு. மைக்ரான் அதைக் கையால திருகித்தான் துடைப்பா. துடைக்கும்போது ராடு நடுங்கி, அந்த நடுக்கத்துல ஸ்டீல் மேஜையே ஙொய்ய்ங்னு அழும். அந்தச் சத்தம் காதுல விழுந்தா எனக்கு ஒத்தைத் தலைவலி வந்துடும், அன்னிக்குப் பொழுது அதோட போச்சு. அதனால திருகுல கை வைக்கும்போதே லேப் அதிர ஒரு கத்தல் போடுவா: "ஃபார்முலா, காதை மூடு!" நான் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திப்பேன். "இந்தக் கத்தலுக்கு ராடு சத்தமே தேவலை"ன்னு எங்க மேனேஜர் சொல்வார்.

இப்படி நல்லாத்தான் போயிட்டிருந்தது. ஒரு ரிவ்யூ மீட்டிங்ல வந்தது வினை. அன்னிக்குக் காயில் சூடேறி, என் கணக்கோட கோடும் அவ அளவோட கோடும் கிராஃப்ல கொஞ்சம் விலகி நின்னுச்சு. "ஏன் பொருந்தலை?"ன்னார் மேனேஜர்.

"அளந்த கை யாரோடதுன்னு பாருங்க சார்"னு நான் விளையாட்டாச் சொன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. மைக்ரான் சிரிக்கலை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னா. அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க, இந்தத் தடவை நான் சிரிக்கலை. எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னா அவளுக்கு அது நெத்தியிலயே குடியிருக்கும். ஒரு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதவள்லாம் ராடைப் பத்திப் பேசறான்னு அவ சொல்ல, மெஷின் காட்டற நம்பரைப் படிச்சுச் சொல்ல மூளை எதுக்குன்னு நான் கேட்க, அதோட எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை நின்னு போச்சு.

அப்புறம் வாரக்கணக்கா மௌனம். காலையில எங்க ரெண்டு பேரையும் என் வீட்டுக்காரர்தான் கார்ல கொண்டு வந்து விடுவார். முன்சீட்ல உட்கார்ந்தா யார் பெரியவன்னு ஒரு கேள்வி வருமே? அதனால ரெண்டு பேரும் பின்சீட்ல, ஆளுக்கொரு ஜன்னல். "டாக்ஸி ஓட்டற மாதிரியே இருக்கு"ன்னு புலம்புவார் மனுஷன். சாப்பிடும்போது தண்ணி வேணும்னாகூட, "அண்ணா, அந்தச் செம்பை இங்க தள்ளச் சொல்லு"ன்னு அவ. செம்பு என் முழங்கைக்குப் பக்கத்துலதான் இருக்கும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சும்மாவா சொன்னாங்க.

ஒருநாள் மேனேஜர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். "உங்க நாத்தனார் வேற ஊர் கிளைக்கு மாத்தல் கேட்டிருக்காங்க, தெரியுமா?"ன்னார். எனக்குத் தெரியாது. "வெள்ளிக்கிழமை லென்ஸ் கம்பெனிக்காரங்க வர்றாங்க. ராடு சொன்னபடி கேட்டா நம்ம வேலை தொடரும், உங்க நாத்தனாரை இங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்பேன். சொதப்பினா மூடிட வேண்டியதுதான், அவங்க தாராளமாக் கிளம்பலாம். எதுவானாலும் அன்னிக்குச் சாயங்காலம் முடிவைச் சொல்லச் சொல்லியிருக்கேன்."

"போறவங்க போகட்டும் சார், எனக்கென்ன"ன்னு வீறாப்பாச் சொல்லிட்டு வெளியே வந்தேன். நேரா பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவ இல்லாத லேப், அவ இல்லாத மாடி, எதிர்ப்பக்கம் ஆளில்லாத சாப்பாட்டு மேஜை. எனக்கு ராடும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம். அவ போகக் கூடாது, அவ்வளவுதான்.

அவ இருக்கணும்னா வெள்ளிக்கிழமை ஜெயிக்கணும். ஆனா சண்டைக்கு அப்புறம் லேப்ல "காதை மூடு"வே கிடையாது. ஙொய்ய்ங்கும் கிடையாது. ஓஹோ, என் மேல இருக்கற கோபத்துல மகராசி துடைக்காமலே அளக்கறான்னு புரிஞ்சுக்கிட்டேன். மேனேஜர்கிட்ட சொல்லலாம். சொன்னா அவளுக்கு நல்லா விழும், விழுந்த வேகத்துல பெட்டியைக் கட்டிடுவா. வேண்டாம். அவ துடைக்கலைன்னா என்ன? ராடு எதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கோ அதையெல்லாம் என் கணக்கும் ஞாபகம் வெச்சுக்கட்டும். யாருக்கும் தெரியாம முந்தின நாள் ராடு பட்ட பாட்டையெல்லாம் கணக்குல சேர்த்தேன். கோடு இன்னும் விலகிச்சு. அதுக்கு முந்தின நாளையும் சேர்த்தேன். இன்னும் விலகிச்சு. வேடிக்கை என்னன்னா, பெரிய ஆட்டம் ஒண்ணு கொடுத்துட்டா ரெண்டு கோடும் சமர்த்தா ஒட்டிக்கும். ஆரம்பத்துல வர்ற சின்னச் சின்ன ஆட்டத்துலதான் நான் ஒண்ணு சொல்ல ராடு ஒண்ணு செய்யும். லென்ஸுக்கு வேண்டியதோ அந்தச் சின்ன ஆட்டம்தான். பழசு இன்னும் போதலை போலிருக்குன்னு போன வாரத்தையும் தோண்டி எடுத்து உள்ள போட்டேன். கெட்டிக்காரின்னு நினைப்பு.

வெள்ளிக்கிழமை வந்தது. லென்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தாங்க, தலைமை இன்ஜினியர். அவங்க போட்டிருந்த சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்தா லென்ஸ் மேல அவங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு புரிஞ்சுடும். நல்ல மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டு ராடுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டாங்க. மைக்ரான் சென்சாரை வெச்சா, நான் கணக்கை ஓட்டினேன். திரையில ரெண்டு கோடும் கிளம்பின இடத்துலயே பிரிஞ்சு, ஒண்ணு கிழக்கே பார்க்க ஒண்ணு மேற்கே பார்த்துச்சு. மேனேஜர் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்துட்டார். போச்சு, அவ போயிட்டான்னு மட்டும்தான் மனசுல ஓடுச்சு.

அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டுத் திரையைப் பார்த்தாங்க. "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ராடுல இருந்த மிச்சக் காந்தத்தை எடுத்துட்டீங்களா?"

"இல்ல"ன்னேன் நான்.

"எடுத்தாச்சு"ன்னா மைக்ரான்.

ரெண்டும் ஒரே நேரத்துல வந்து விழுந்துச்சு. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "என்ன எடுத்தாச்சு? எப்போ துடைச்ச?" இத்தனை நாள்ல அவ முகத்தைப் பார்த்து நான் பேசினது அதுதான் முதல் தடவை.

"தினமும்தான் துடைக்கிறேன். நீ டீ குடிக்கப் போறப்போ."

"அது என்ன திருட்டுத்தனமாத் துடைக்கறது?"

"பேச்சு வார்த்தை இல்லாதவகிட்ட 'காதை மூடு'ன்னு எப்படிக் கத்தறது? சொல்லாமத் திருகினா உனக்குத் தலைவலி வரும். வந்தா அன்னிக்கு முழுக்க நீ எந்திரிக்க மாட்ட. அதான் நீ அந்தப் பக்கம் போனதும் திருகினேன். தப்பா?"

நான் கத்தினேன். "அடிப்பாவி! நீ துடைக்கவே இல்லைன்னு நான் போன வாரத்துக் கதையெல்லாம் கணக்குல ஏத்தி வெச்சிருக்கேன்டி!"

"யாரைக் கேட்டு ஏத்தின?"

"யாரைக் கேட்கணும்? துடைக்காம அளந்ததுக்கு நீ மாட்டிக்கக் கூடாதேன்னு ஏத்தினேன், போதுமா?"

கண்ணாடிக்கார அம்மா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு பாசமா இருந்தா எந்த ராடும்மா வேலை செய்யும்?"னாங்க.

நான் ஏத்தி வெச்ச பழங்கதை மொத்தத்தையும் கணக்கிலிருந்து வழிச்சுப் போட்டேன். மைக்ரான் திருகுல கை வெச்சா. கத்தலை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டினா, நான் காதைப் பொத்திக்கிட்டேன். மறுபடி ஓட்டினோம். ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணா உட்கார்ந்து, சின்ன ஆட்டம் பெரிய ஆட்டம் எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டே போச்சு. ஒரு கோடுதான் இருக்குன்னு நினைச்சு, "இன்னொண்ணு எங்க?"ன்னு மேனேஜர் கேட்டார். அவருக்குச் சந்தோஷத்துல கண் தெரியலை.

வந்தவங்க கைகொடுத்துட்டுக் கிளம்பினாங்க. கேக் வெட்டினோம். ஜெயிச்சாச்சு, உண்மையும் தெரிஞ்சாச்சு, இனிமே என்னன்னு நான் துள்ளிக்கிட்டு இருந்தேன். மைக்ரான் கேக்கைச் சாப்பிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு, தன் இடத்துல போய் உட்கார்ந்தா. "மாத்தல் விஷயம் என்னம்மா ஆச்சு? இங்கேயே இருந்துடுங்களேன்"னு மேனேஜர் கேட்டதுக்கு, "போற முன்னாடி சொல்றேன் சார்"னு ஒரே வரி. என் பக்கம் திரும்பக்கூட இல்ல.

எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. அப்புறம்தான் உறைச்சது. கரண்டை நிறுத்திட்டா ராடு பழைய இடத்துக்கு வந்துடுமா? வராதுன்னு ஊருக்கெல்லாம் கல்யாண வீட்டுக் கதை சொல்றவ நான்தானே! சண்டை நின்னுட்டா மட்டும் எழுந்து போனவ எப்படி உட்காருவா? துடைக்கணும். முதல் ஆட்டம் பழைய ஆட்டத்தைவிடப் பெருசா இருக்கணும்.

நேரா அவ மேஜைக்கு எதிர்ல போய் நின்னேன்.

"போறதா இருந்தா போ!" லேப்ல இருந்த அத்தனை தலையும் திரும்பிச்சு. "இன்னிக்கே போ! உன் அண்ணனையும் கையோட கூட்டிக்கிட்டுப் போ! தரகு பண்ணி என்னை இழுத்து வந்து விட்டுட்டு, பாதியில கழட்டிவிட்டுப் போறவதானே நீ!"

அவ நாற்காலி பின்னால போய் விழுந்துச்சு. "யாருடி கழட்டிவிட்டா? மூளையே வேண்டாத வேலைன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னது யாரு? அந்த மூளை இல்லாதவ அளந்து கொடுத்த நம்பர்லதானே உன் கணக்கே உயிரோட இருக்கு!"

"ஆமா, சொன்னேன்! நீ மட்டும் என்ன? ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதவன்னு சொல்லலை?"

"தெரியாதுதானே!"

"தெரியாதுதான்! அதுக்காகச் சொல்லுவியா?"

மேனேஜர் பதறிப் போய் எழுந்தார். அந்த நேரத்துக்கு எங்களைக் கூட்டிட்டுப் போக என் வீட்டுக்காரர் கார் சாவியோட வாசல்ல வந்து நின்னிருந்தார். மேனேஜரோட கையை அவர் எட்டிப் பிடிச்சுக்கிட்டது எனக்குத் தெரிஞ்சது. "இருங்க சார். குறைஞ்சுக்கிட்டே வரணுமாம். பாதியில நிறுத்தினா அங்கேயே நின்னுடுமாம். இவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்"னார். அந்த மனுஷன் சாப்பாட்டு மேஜையில நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கார்!

"என் கல்யாணத்துக்குத் தலை பின்னிவிடறேன்னு ஒரு பக்கம் ஏத்தி ஒரு பக்கம் இறக்கிப் பின்னினவதானே நீ? பெரிய மைக்ரான்!"

"நீ ஆடிக்கிட்டே இருந்தா எப்படிப் பின்னறதாம்? என் புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போய் வாரை அறுத்துட்டு வந்தியே, அதுக்கு என்ன சொல்ற?"

"கார்ல ஜன்னலைத் திறந்து வெச்சு என் தலையைக் கலைக்கிற."

"நீ மூடி வெச்சு எனக்கு மூச்சு முட்டுது."

"என் பேனா மூடியை எடுத்துட்டுப் போன."

"இந்தா, உன் பேனா மூடி."

மேஜை மேல வெச்சா. ரெண்டு பேரும் அந்த மூடியையே பார்த்துக்கிட்டு நின்னோம். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல. அவகிட்ட ஒண்ணு இருந்தது, ரொம்பச் சின்னக் குரல்ல வந்தது.

"வேற யார் அதைச் சொல்லியிருந்தாலும் நான் சிரிச்சிருப்பேன். நீ சொன்னியே, அதான் தாங்கலை."

"தப்புடி"ன்னேன். "நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? தயவு செஞ்சு போகாத."

அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு மேனேஜர் அறைக்குள்ள போனா, கதவைச் சாத்திக்கிட்டா. வெளியே வந்து பையை எடுத்துக்கிட்டு, "அண்ணா, போலாம்"னா. உள்ள என்ன முடிவு சொன்னேன்னு அவளும் சொல்லலை, நானும் கேட்கலை. கேட்டா இன்னொரு ஆட்டம் கிளம்பிடுமோன்னு பயம். அடுத்த ரெண்டு நாளும் அவ மாடியில பெட்டி நகர்ற மாதிரி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. கட்டறாளா, பிரிக்கிறாளா? கீழ இருந்து கேட்டா ரெண்டும் ஒரே சத்தம்தான்.

திங்கட்கிழமை காலையில அவ எங்களுக்கு முன்னாடியே கிளம்பிப் போயிட்டா. நான் மட்டும் பின்சீட்ல, ஒரு ஜன்னல் காலி. லேபுக்குள்ள நுழைஞ்சேன். அவ நாற்காலியில ஆளில்ல. எப்பவும் மாட்டியிருக்கற பையும் இல்ல. மேஜை சுத்தமா இருந்தது. என் இடத்துல போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைப் போடக்கூடக் கை வரலை.

அலமாரிக்குப் பின்னால, ராடு இருக்கற பக்கத்துலேர்ந்து வந்துச்சு லேப் அதிர ஒரு கத்தல்.

"ஃபார்முலா, காதை மூடு!"

அன்னிக்கு நான் காதை மூடலை. ஸ்டீல் மேஜை ஙொய்ய்ங்னு அழுது, கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு அடங்கற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு முழுசாக் கேட்டேன். ஒத்தைத் தலைவலி வந்து சாயங்காலம் வரைக்கும் மண்டையைப் பிளந்துச்சு. பிளந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.